விழாத கோல்

1936 ஜூன் 21, ஞாயிற்றுக்கிழமை, வலென்ஸியா நகரின் மெஸ்தாயா மைதானத்தில் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம் என்னிடம் வெகுநாட்களாக இருக்கிறது. நல்ல பிரதி அல்ல. படத்தில் பாதி புழுதி. கோல் கம்பத்தின் அடியில், அந்தப் புழுதிக்குள், ஒரு மனிதர் பக்கவாட்டில் பாய்ந்திருக்கிறார். பந்து எங்கே என்று சட்டென்று தெரிவதில்லை. அன்று மைதானத்தில் இருந்தவர்களுக்கும் தெரியவில்லை என்கிறார்கள். ஸ்பெயின் கோப்பையின் இறுதி ஆட்டம். மாட்ரிட் 2, பார்ஸலோனா 1. ஆட்டம் முடியச் சில நிமிஷங்களே பாக்கி. பார்ஸலோனாவின் எஸ்கோலா தாழ்வாக அடித்த பந்து உள்ளே போய்விட்டது என்றே பலரும் நினைத்தார்கள். புழுதி அடங்கியதும் கோல்கீப்பர் எழுந்து நின்றார். பந்து அவர் கையில் இருந்தது.

அவர் பெயர் ரிகார்தோ ஸமோரா. அப்போது வயது 35. நான்கு வாரம் முடிவதற்குள் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடித்தது. அந்த இறுதி ஆட்டத்தில் இருந்தவர்களை, ஆடியவர்களையும் பார்த்தவர்களையும் சேர்த்து, யார் யார் எந்தப் பக்கம் போனார்கள், யார் எஞ்சினார்கள் என்று யாரேனும் கணக்கெடுத்தால் அதுவே அந்தப் போரின் சரித்திரமாகிவிடும்.

இலக்கியப் பத்திரிகையில் ஒரு கால்பந்துக்காரருக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நானும் அதைக் கேட்டுக்கொண்டே இதை எழுதாமல் தள்ளிப்போட்டு வந்தேன். ஆனால் ஸமோராவின் வாழ்க்கையில், மிக ஆபத்தான ஒரு கட்டத்தில், ஒரு கவிஞன் வருகிறான். பெரிய கவிஞன் அல்ல. நல்ல மனிதன் என்று அவனைச் சொன்னவர்களும் குறைவு. அவன் செய்த ஒரு காரியமும், அதற்குப் பிறகு அவனுக்கு நேர்ந்ததும்தான் என்னை இந்தப் பக்கம் இழுத்தவை. அங்கே போய்ச் சேர, முதலில் கோல்கீப்பரிலிருந்து தொடங்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் எனக்கும் அந்த இடம்தான் கிடைத்தது. ஓடினால் மூச்சு வாங்குகிறவனை, வேறெங்கும் உதவாதவனை அங்கே நிறுத்துவது வழக்கம். நின்றபடி நான் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. மற்ற பத்துப் பேரும் எதையாவது நிகழ்த்தப் பார்க்கிறார்கள். கோல்கீப்பர் ஒன்றை நிகழாமல் செய்யப் பார்க்கிறான். அவன் வெற்றி பெற்றால் எதுவும் நடந்திருக்காது. கோல் போட்டவன் பெயர் மறுநாள் வாய்க்கு வாய் வரும். விழாத கோலுக்கு எண் கிடையாது. 2-1 என்று எழுதும்போது, அந்த 1 ஏன் 2 ஆகவில்லை என்பது அந்தக் கணக்கில் இல்லை. சரித்திரத்தையும் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுகிறோம். நடந்தவற்றுக்குத் தேதி உண்டு. நடக்கவிருந்து, யாரோ ஒருவர் குறுக்கே கையை நீட்டியதால் நடக்காமல் போனவற்றுக்குத் தேதி இல்லை, கல்வெட்டு இல்லை.

இந்த நியதிக்கு விலக்காக, விழாத கோல்களாலேயே புகழ் பெற்ற முதல் சிலரில் ஸமோரா ஒருவர். 1901 ஜனவரியில் பார்ஸலோனாவில் பிறந்தவர். தந்தை வைத்தியர். மகனும் வைத்தியனாக வேண்டும் என்பது வீட்டின் ஆசை. கொஞ்ச காலம் படிக்கவும் செய்தார். ஆனால் 1916இல், பதினைந்து பதினாறு வயதில், எஸ்பான்யோல் அணியின் கோல் கம்பங்களுக்கு நடுவே போய் நின்றுவிட்டார். பிறகு 1919 முதல் 1922 வரை அதே ஊரின் எதிரணியான பார்ஸலோனா, மறுபடி எஸ்பான்யோல். கழுத்துவரை ஏறிய கம்பளிச் சட்டை, தலையில் தட்டைத் தொப்பி. அந்தக் காலத்துப் படங்களில் அவரைப் பார்த்தால் விளையாட்டுக்காரரைவிட சினிமா நடிகர் என்றே சொல்லத் தோன்றும். சிகரெட்டை விடாதவர். பந்தைக் கையால் பிடிக்க நேரமில்லாத நெருக்கடியில் முழங்கையை மடக்கி அதைத் தட்டி விலக்குவது அவர் வழக்கம். அந்த அசைவுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அவரைத் 'தெய்வீகன்' என்று அழைத்தார்கள். ஸ்பானிஷ் பேச்சுவழக்கில் ஒரு தொடர் உண்டு: ஒன்றுக்குப் பூஜ்யம், கோலில் ஸமோரா. அதாவது, காரியம் முடிந்த மாதிரிதான், இனிக் கவலை வேண்டாம் என்று அர்த்தம். ஒரு மனிதனின் பெயர் அவன் உயிரோடிருக்கும்போதே வழக்குமொழிக்குள் புகுந்துவிடுவது எழுத்தாளர்களுக்கும் எளிதில் வாய்ப்பதில்லை.

புனிதரை எழுதுவதாக நினைக்க வேண்டாம். 1920இல் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில்தான் ஸ்பெயின் முதல்முதலாக ஒரு தேசிய அணியை இறக்கியது. ஆகஸ்ட் 28 அன்று டென்மார்க்கை 1-0 என்று வென்ற முதல் ஆட்டத்தில் கோலில் நின்றவர் பத்தொன்பது வயது ஸமோரா. ஸ்பெயின் வெள்ளிப் பதக்கம் வாங்கியது. ஆனால் இத்தாலியுடன் ஆடியபோது எதிரணிக்காரர் ஒருவரைக் குத்தியதற்காக அவர் வெளியேற்றப்பட்டார். ஊர் திரும்பும் வழியில் ஹவானா சுருட்டுகளைக் கடத்தியதாகப் பிடிபட்டு அபராதமும் கட்டினார். முதல் சர்வதேசப் பயணத்திலேயே ஒரு பதக்கம், ஒரு கைகலப்பு, ஒரு கடத்தல். பிற்காலத்தில் அவர் பெயரைத் தியாகியின் பெயராக்க முயன்றவர்கள் இந்த விவரங்களை மறந்துவிட்டார்கள்.

ஸ்பெயினில் கால்பந்து ஆட்டக்காரர்கள் பகிரங்கமாகச் சம்பளம் வாங்கலாம் என்று 1926இல்தான் அனுமதித்தார்கள். அதற்கு முன்பும் திரைமறைவில் வாங்கினார்கள். இப்போது கணக்கில் வந்தது. 1930இல் ஸமோரா மாட்ரிட் அணிக்குப் போனபோது கைமாறிய தொகை சுமார் ஒன்றரை லட்சம் பெசெட்டா. ஒரு கோல்கீப்பருக்கா என்று நாடு வாயைப் பிளந்தது. ஆனால் அதற்கு முந்தைய வருஷம், 1929 மே 15 அன்று, மாட்ரிட்டில் இங்கிலாந்தை ஸ்பெயின் 4-3 என்று தோற்கடித்திருந்தது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உள்ள ஓர் அணியிடம் இங்கிலாந்து தோற்றது அதுவே முதல் தடவை. அன்று கோலில் இருந்தவர் ஸமோரா. மார்பெலும்பில் அடிபட்டும் நின்று ஆடினார் என்று சொல்வார்கள். 1931 டிசம்பரில் லண்டனில் அதே இங்கிலாந்து 7-1 என்று பழிதீர்த்துக்கொண்டது. அன்றும் கோலில் இருந்தவர் ஸமோராதான். ஏழு தடவை குனிந்து வலையிலிருந்து பந்தை எடுத்தவரையும், மெஸ்தாயாவின் புழுதியிலிருந்து எழுந்தவரையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆள் முழுதாகத் தெரிவார்.

1931 ஏப்ரலில் மன்னராட்சி போய்க் குடியரசு வந்தது. அவருடைய அணியின் பெயரிலிருந்து 'ராஜ' என்று பொருள்படும் 'ரெயால்' என்ற சொல்லை நீக்கினார்கள். குடியரசின் முதல் ஜனாதிபதியின் பெயர் நிஸெத்தோ அல்காலா-ஸமோரா. ஸ்பெயினுக்கு ஸமோரா தலைவராகியிருக்கிறார் என்று ஸ்டாலினிடம் சொன்னபோது, அந்தக் கோல்கீப்பரா என்று அவர் கேட்டதாக ஒரு வேடிக்கைக் கதை உலவியது. கதையின் உண்மை முக்கியமல்ல. அப்படி ஒரு கதை பிறக்கும் அளவுக்கு அந்தப் பெயர் ஆளைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டது என்பதுதான் முக்கியம். 1934இல் அந்த ஜனாதிபதியின் அரசு கோல்கீப்பர் ஸமோராவுக்குக் குடியரசு விருதை அளித்தது. இது முதல் பதக்கம். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதே 1934இல் முஸோலினியின் இத்தாலியில் உலகக் கோப்பை. மே 31 அன்று ஃப்ளோரன்ஸில் ஸ்பெயினும் இத்தாலியும் மோதின. கூடுதல் நேரத்துக்குப் பிறகும் 1-1. இத்தாலியின் கோல் விழுந்தபோது ஸமோராவை எதிரணியினர் மறித்துக்கொண்டிருந்தார்கள் என்பது ஸ்பானியர்களின் புகார். மறுநாளே மீண்டும் ஆட வேண்டியிருந்தது. முதல்நாள் ஆடியவர்களில் ஏழு பேரால் ஸ்பெயினுக்கு ஆட முடியவில்லை. அடிபட்ட ஸமோராவும் அவர்களில் ஒருவர். ஸ்பெயின் 0-1 என்று தோற்றது. பாஸிஸத்தின் பிரசாரத் திருவிழாவுக்குள் ஸமோரா நின்ற முதல் சந்தர்ப்பம் இது. அவர் அதை அந்த வார்த்தையால் நினைத்திருப்பார் என்று நான் நம்பவில்லை. அவருக்கு அது ஓர் ஆட்டம்.

1936 ஜூலை 17, 18 தேதிகளில் ராணுவத்தின் ஒரு பகுதி கலகம் செய்தது. மாட்ரிட் குடியரசின் கையில் இருந்தது. ஸமோரா, கத்தோலிக்க வலதுசாரிப் பத்திரிகையான 'யா'வில் பெயர் போட்டுக் கால்பந்து பற்றி எழுதிவந்தவர். அந்த நாட்களில் சந்தேகத்துக்கு அவ்வளவு போதும். மறைந்திருந்தவரைப் பிடித்து மொன்க்ளோவாவில் இருந்த மோதெலோ சிறைக்குக் கொண்டுபோனார்கள்.

இதற்கிடையில் கலகக்காரர்களின் பகுதியில் அவர் செத்துப்போனார். அதாவது, பத்திரிகையில். 'ஏபிஸி' பத்திரிகையே அப்போது இரண்டாகப் பிளந்திருந்தது. மாட்ரிட் பதிப்பு குடியரசின் பக்கம், ஸெவில் பதிப்பு கலகக்காரர்களின் பக்கம். ஒரே பெயர், ஒரே முகப்பு, எதிரெதிர் செய்தி. செவ்வணியினர் ஸமோராவைக் கொன்றுவிட்டார்கள் என்று ஸெவில் பதிப்பு எழுதியது. செய்தி எல்லை கடந்து பரவியது. அவர் ஆன்மா சாந்தியடையப் பூஜைகள் நடந்தன. தேசம் முழுவதும் அறிந்த ஒரு முகம், கத்தோலிக்கப் பத்திரிகையில் எழுதிய கை, எதிரிகளால் கொல்லப்பட்டது என்பது கலகக்காரர்களுக்கு ஒரு படையணிக்குச் சமம். உயிரோடிருந்த ஸமோரா அவர்களுக்கு அவ்வளவு பயன்பட்டிருக்க மாட்டார்.

அந்தக் கோடையில் நடந்த இன்னொன்றை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். அதே ஆகஸ்டில் கிரனடாவுக்கு வெளியே கலகக்காரர்கள் ஒரு கவிஞரைச் சுட்டுப் புதைத்தார்கள். ஃபெதெரிகோ கார்ஸியா லோர்கா. நம்மில் அவரைப் படிக்காதவர் இல்லை. அந்த மரணத்தைக் கொன்றவர்களின் பத்திரிகைகள் எழுதவில்லை. மறுபக்கத்துக்கு அது வதந்தியாகத்தான் வந்து சேர்ந்தது, நம்புவதற்கே நாளாயிற்று. சாகாதவருக்கு அஞ்சலி, செத்தவரைப் பற்றி மௌனம். மரணம் நிகழ்ந்ததா என்பதைவிட, யாருக்கு அது தேவைப்படுகிறது என்பதே செய்தியைத் தீர்மானித்தது. ஆகஸ்ட் 6 அன்று, பார்ஸலோனா அணியின் தலைவரும் குடியரசு ஆதரவாளருமான ஜோஸப் சுன்யோலை குவாதர்ராமா மலைப்பகுதியில் கலகப் படையினர் பிடித்துச் சுட்டார்கள். ஜூன் மாத இறுதி ஆட்டத்தில் தோற்ற அணி அவருடையது. அவர் மரணமும் வெகுகாலம் பேசப்படாமலே கிடந்தது.

மோதெலோ சிறைக்குத் திரும்புவோம். ஆகஸ்ட் 22இல் அங்கே தீப்பற்றியது. அதைத் தொடர்ந்து ஆயுதக் கும்பல் உள்ளே புகுந்து அரசியல் கைதிகள் பலரைக் கொன்றது. நவம்பரில் கைதிகளை லாரிகளில் ஏற்றிப் பராகுவெயோஸுக்குக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். இதைச் செய்தது நம் அனுதாபத்துக்குரிய குடியரசின் பக்கம். இதைச் சொல்லாமல் லோர்காவைச் சொல்வது நேர்மையல்ல. அந்தச் சிறையில், ஒவ்வொரு இரவும் பெயர் கூப்பிடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஸமோரா ஒருவர்.

அவர் எப்படித் தப்பினார்? இரண்டு காரணம் சொல்கிறார்கள். காவலர்களோடு அவர் கால்பந்து பேசினார். அவர்களோடு பந்தும் ஆடினார். துப்பாக்கியோடு நின்றவர்களில் பலர் போன வருஷம் வரை அவருக்காகக் கத்தியவர்கள்தாமே. இது ஒரு காரணம். இன்னொரு காரணத்தின் பெயர் பெத்ரோ லூயிஸ் தே கால்வெஸ்.

கால்வெஸ் 1882இல் மாலகாவில் பிறந்தவர். இளமையில் அரசரையும் ராணுவத்தையும் தாக்கிப் பேசியதற்காகச் சிறை சென்றவர். வெளியே வந்து மாட்ரிட்டின் காப்பிக் கடைகளில் வாழ்ந்தார். வாழ்ந்தார் என்பதைவிட அங்கே கையேந்தினார் என்பது பொருத்தம். ஸானெட் எழுதுவதில் கை தேர்ந்தவர் என்று அவரை வெறுத்தவர்களும் ஒப்புக்கொண்டார்கள். கடன் வாங்குவார், மிரட்டுவார், பொய் சொல்வார். செத்துப் பிறந்த தன் குழந்தையை ஒரு பெட்டியில் வைத்துக்கொண்டு, அடக்கச் செலவுக்கு என்று காப்பிக் கடை காப்பிக் கடையாகப் பணம் கேட்டார் என்று ஒரு கதை அவரைப் பற்றி உண்டு. அந்தக் கால எழுத்தாளர்கள் பலர் தங்கள் நினைவுக் குறிப்புகளில் இதை வெவ்வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். நடந்ததோ இல்லையோ, இப்படி ஒரு கதையை ஊரே நம்பும்படி வாழ்ந்த மனிதர் அவர். போர் வந்தபோது கால்வெஸ் தொழிலாளர் உடையில், இடுப்பில் துப்பாக்கிகளோடு மாட்ரிட் தெருக்களில் நடந்தார். தான் இத்தனை பேரைக் கொன்றதாக வாய்வீச்சும் வீசினார்.

அந்த ஆள் மோதெலோவுக்கு வந்து, அங்கிருந்தோர் எல்லோர் முன்னிலையிலும் ஸமோராவைத் தழுவிக்கொண்டு, இவர் என் சிநேகிதர், இவர்மேல் யாரும் கைவைக்கக் கூடாது என்று அறிவித்ததாகச் சொல்கிறார்கள். சொல்பவருக்குச் சொல்பவர் வார்த்தைகள் மாறுகின்றன. ஆனால் அந்தக் கவிஞனின் குறுக்கீடு ஸமோராவின் உயிருக்குக் காப்பாக இருந்தது என்பதில் எல்லோரும் ஒன்றுபடுகிறார்கள். அவர் இப்படிக் காப்பாற்றியதாகச் சொல்லப்படுபவர்களில் வலதுசாரி நாவலாசிரியர் ரிகார்தோ லியோனும் ஒருவர். லியோன் கால்வெஸுக்கு அரசியலில் எதிரி. கோல்கீப்பரோ அரசியலில் யாருமல்ல.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. நாம் கவிதையிடமிருந்து என்ன எதிர்பார்க்கிறோம் என்று இந்தப் பக்கங்களில் நிறையச் சண்டை போட்டிருக்கிறோம். கவிதை எதையும் நிகழ்த்துவதில்லை என்பது ஒரு கட்சி. நிகழ்த்தியே ஆக வேண்டும் என்பது இன்னொரு கட்சி. கால்வெஸின் ஸானெட்டுகள் எதையும் நிகழ்த்தவில்லை. அவற்றைத் தேடிப் படிப்பவர்கள் இன்றும் சிலர்தாம். அவர் செய்து முடித்த ஒரே உறுதியான காரியம், சிலருக்கு மரணம் நிகழாமல் செய்தது. அந்த வகையில் பார்த்தால், அன்று சிறையில் கோல்கீப்பராக இருந்தவர் கால்வெஸ்தான். பாய்ந்து வந்த பந்து ஸமோரா.

வெளியே வந்த ஸமோரா அர்ஜென்டினாத் தூதரகத்தில் தஞ்சம் புகுந்து, பிறகு அந்நாட்டுக் கப்பலில் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார். நீஸ் அணியில், தன் பழைய தோழர் ஸாமித்தியேயோடு கடைசியாக ஆடினார். 1938 டிசம்பரில், போர் யார் பக்கம் முடியும் என்று தெரிந்துவிட்ட சமயத்தில், கலகக்காரர்களின் கையிலிருந்த ஸான் ஸெபாஸ்தியானுக்கு வந்து ஒரு காட்சி ஆட்டத்தில் நின்றார். 1939 ஏப்ரல் 1இல் போர் முடிந்தது. அட்லெட்டிக் மாட்ரிட்டும் ஃபிராங்கோவின் விமானப்படை அணியும் இணைந்து உருவான புதிய அணிக்கு ஸமோரா பயிற்சியாளர் ஆனார்.

கால்வெஸ் மாட்ரிட்டை விட்டு ஓடவில்லை. ராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தினார்கள். போர்க்காலத்தில் அவர் வீசிய வாய்வீச்செல்லாம் அவருக்கு எதிரான சாட்சியமாகத் திரும்பி வந்தது. அவர் எழுதிய எதையும்விட அவர் பெருமையடித்ததை நீதிபதிகள் சிரத்தையாக வாசித்தார்கள் போலும். அவர் காப்பாற்றிய உயிர்கள் அவரைக் காப்பாற்றப் போதவில்லை. கொன்றதாகச் சொன்னதற்குக் கணக்கு இருந்தது. சாகாமல் போனவர்களுக்கு அந்த நீதிமன்றத்தில் கணக்கு இல்லை. 1940 ஏப்ரலில் மாட்ரிட்டில் அவரைச் சுட்டார்கள். அதே ஏப்ரலின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, 28ஆம் தேதி, அதே மாட்ரிட்டில், ஸமோராவின் விமானப்படை அணி லீக் சாம்பியன் ஆனது.

இந்த இரண்டு செய்திகளையும் ஒரே மாதத்துக்குள் பார்த்தபோது எனக்கு ஸமோராமீது வந்தது கோபம். அதை மறைக்க விரும்பவில்லை. அடுத்த வருஷமும் அவர் அணி சாம்பியன். 1952இல் தேசிய அணியின் பயிற்சியாளர். ஐம்பதுகளில் ஃபிராங்கோ அரசு அவருக்குத் தன் உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஸிஸ்னெரோஸ் விருதின் பெருஞ்சிலுவையை அளித்தது. வாங்கிக்கொண்டார். குடியரசின் பதக்கம் ஒரு பக்கம், குடியரசைக் கொன்றவரின் பதக்கம் ஒரு பக்கம். இந்தக் கட்டுரையின் முதல் வடிவத்தில் அவரைக் கண்டித்து இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். படித்த ஒரு நண்பர், கோல்கீப்பருக்கு இரண்டு கம்பம் இல்லாமல் முடியாதே என்றார். சிரித்துவிட்டேன். பிறகு அந்தப் பக்கங்களைக் கிழித்தேன்.

கிழித்ததற்குக் காரணம் மன்னிப்பு அல்ல. அரசுகள் பதக்கம் தரும்போது தங்களுக்கே தந்துகொள்கின்றன என்பது நாம் அறியாததல்ல. ஆனால் ஸமோராவைக் கண்டிக்கும் என் வேகத்தில் ஒரு சௌகரியம் இருந்தது. அவர் சிறையில் செத்திருந்தால் நான் அவரை மதித்திருப்பேன். இந்த வாக்கியத்தை எழுதியதும் எனக்கே பயமாக இருந்தது. ஸெவில் பத்திரிகைக்கும் அதுதானே தேவைப்பட்டது? உயிரோடிருக்கும், சமரசம் செய்யும், சிகரெட் குடிக்கும், ஆட்டத்தைத் தவிர வேறெதிலும் உறுதியில்லாத ஸமோராவைவிடச் செத்த ஸமோரா நமக்கும் வசதி. கால்வெஸுக்கு மட்டும் அப்படித் தோன்றவில்லை. எல்லோரையும் ஏமாற்றிப் பிழைத்த அந்த ஆள், தன் கையில் கொஞ்சம் அதிகாரம் வந்த சில மாதங்களில், எதிரில் நின்றவனின் தகுதியைக் கேட்காமல் கையை நீட்டினார். கோல்கீப்பர், வரும் பந்து யாருடையது என்று கேட்பதில்லை.

ஸ்பெயினின் கவிஞர்கள் கோல்கீப்பர்களைப் பாடியிருக்கிறார்கள். ரஃபேல் ஆல்பெர்த்தி 1928இல் பார்ஸலோனாவின் ஹங்கேரியக் கோல்கீப்பர் பிளாட்கோவைப் பற்றி ஒரு நீண்ட கவிதை எழுதினார். அந்த வருஷத்துக் கோப்பை இறுதி ஆட்டத்தில் தலையில் அடிபட்டு, கட்டோடு திரும்பி வந்து ஆடியவர் அவர். ஸமோரா விட்டுப்போன கோலுக்கு வந்தவரும் அவரே. மிகெல் ஹெர்னாண்டஸ் தன் ஊர்க் கோல்கீப்பர் ஒருவருக்காக இரங்கற்பா எழுதினார். ஆல்பெர்த்தி 1939இல் நாடுவிட்டுப் போய் 1977இல்தான் திரும்ப முடிந்தது. ஹெர்னாண்டஸ் 1942இல் அலிகாந்தே சிறையில், 31 வயதில், காசநோயில் செத்தார். எல்லாரிலும் பெயர்பெற்ற கோல்கீப்பரான ஸமோராவுக்கு அமைந்த கவிஞர் இவர்களில் ஒருவர் அல்ல. அவருக்கு வாய்த்தது கால்வெஸ். கால்வெஸையும் பிற்பாடு ஒருவர் எழுதினார்: ஹுவான் மனுவேல் தே பிராதாவின் 1996ஆம் வருஷத்து நாவலில் அவர் ஒரு பாத்திரம். கதாபாத்திரமான பிறகுதான் பலருக்கு அவர் மனிதராக நினைவுக்கு வந்தார்.

ஃபிராங்கோ 1975 நவம்பரில் செத்தார். ஸமோரா அதற்குப் பிறகும் கிட்டத்தட்ட மூன்று வருஷம் இருந்து, 1978 செப்டம்பர் 8 அன்று பார்ஸலோனாவில் காலமானார். அந்த டிசம்பரில் ஸ்பெயின் புதிய அரசியல் சட்டத்துக்கு வாக்களித்தது. மன்னராட்சி, சர்வாதிகாரம், குடியரசு, போர், மறுபடி சர்வாதிகாரம், மறுபடி மன்னர் என்று எத்தனை ஆட்சி அவர் முன்னால் வந்து போயிற்று. ஒன்றையும் அவர் தடுக்கவில்லை. தடுக்கும்படி யாரும் அவரைக் கேட்கவுமில்லை. அவர் கேட்கப்பட்டதெல்லாம் கிட்டத்தட்ட எட்டு கஜ அகலமுள்ள ஓர் இடத்தைக் காக்கத்தான்.

அவர் பெயரில் ஒரு விருது உண்டு. 'மார்கா' என்ற ஸ்பானிஷ் விளையாட்டுப் பத்திரிகை 1958-59 பருவத்திலிருந்து கொடுத்துவருவது. ஓர் ஆட்டத்துக்கு எத்தனை கோல் விட்டார் என்ற சராசரி எவருக்குக் குறைவோ அந்தக் கோல்கீப்பருக்கு. நிகழாதவற்றை எண்ண மனிதர்கள் கண்டுபிடித்த ஒரே வழி அதுதான் போலிருக்கிறது: நிகழ்ந்தவற்றை எண்ணிவிட்டு, அது எவ்வளவு குறைவு என்று பார்ப்பது.

கால்வெஸுக்கு அப்படி ஒரு கணக்கும் இல்லை. மெஸ்தாயாவில் எஸ்கோலாவின் பந்து பாய்ந்த நொடியில் ஒரு புகைப்படக்காரர் இருந்தார். மோதெலோ சிறையில் அந்தத் தழுவல் நடந்தபோது யாரும் இல்லை. என்னிடமுள்ள பிரதியை மறுபடி எடுத்துப் பார்க்கிறேன். பாதி புழுதி. பந்து எங்கே என்று இப்போதும் முதல் பார்வையில் தெரியவில்லை.